கணக்கில் முப்பத்தொன்று

ஐசக்குக்கும் மெட்டில்டாவுக்கும் கல்யாணமாகி ஏழு வருடம். யார் எந்த வேலையைப் பார்ப்பது என்று அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. தண்ணீர் தானாகப் பள்ளம் பார்த்துப் போவதுபோல வேலைகள் அவரவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. எண் என்று எது வந்தாலும் அது ஐசக்குடையது. ஜன்னல் திரைக்கு எத்தனை மீட்டர் துணி, காஸ் சிலிண்டர் எந்தத் தேதியில் தீரும், எட்டு இருபது ரயிலைப் பிடிக்க எத்தனை மணிக்குப் படியிறங்க வேண்டும், மாடித் தொட்டி நிரம்ப மோட்டாரை எத்தனை நிமிடம் ஓடவிட வேண்டும் என்பதெல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரும். எழுத்து என்று எது வந்தாலும் அது மெட்டில்டாவுடையது. மகள் பியூலாவின் பள்ளிக்கு விடுப்புக் கடிதம், கோலாரில் இருக்கும் மைத்துனருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து, டெலிபோன் கனெக்‌ஷனுக்கு நினைவூட்டல், சபை ஆண்டுவிழாவில் ஐசக் படிக்க வேண்டிய வரவேற்புரை எல்லாம் அவள் எழுதுவாள். படிவம் ஏதாவது வந்தால் அவளே நிரப்பி, அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பாள். அவன் எதையும் படிக்க மாட்டான். குறியைத் தேடுவான், கையெழுத்துப் போடுவான், பேனாவை மூடுவான்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், பொன்னியம்மாள் வீட்டு மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். வீட்டுக்காரி கீழே இருந்தாள். ஐசக் பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மெட்டில்டாவுக்கு மவுண்ட் ரோட்டில் இன்சூரன்ஸ் அலுவலக வேலை.

தொண்ணூற்று மூன்றில் ஐசக்குக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த ஒருவன் அவனைத் தாண்டி மேலே போய்விட்டான். போனவனிடம் மாலைக் கல்லூரியில் படித்த மேனேஜ்மெண்ட் பட்டம் இருந்தது. அடுத்த வாரமே ஐசக் இரண்டு விண்ணப்பங்களோடு வீட்டுக்கு வந்தான். மூன்று வருடப் படிப்பு, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. நுழைவுத் தேர்வில் ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் என்று மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது நாற்பத்தைந்து வாங்க வேண்டும். அப்புறம்தான் மொத்த மார்க்கையே பார்ப்பார்கள்.

“இன்னொண்ணு யாருக்கு?” என்றாள்.

“உனக்குத்தான்.”

“நான் எதுக்குங்க?”

“கம்பெனிக்கு. தனியாப் படிச்சா எனக்குத் தூக்கம் வந்துடும்.”

“ரெண்டு பேருக்கும் கெடைச்சுட்டா? பியூலாவை யார் பாத்துக்கறது?”

“மார்க் ஜாஸ்தி வாங்கினவங்க போறது. இன்னொருத்தர் சோறாக்கறது.”

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அலுவலகத்தில் அவளுடைய பிரிவு அதிகாரி ஸ்ரீநிவாசராகவன், மேஜைமேல் கிடந்த கைடைப் பார்த்துவிட்டு, “என்ன மெட்டில்டா, நீங்களும் எழுதறேளா?” என்று கேட்டபோது, “அவருக்குத் துணையா, சும்மா சார்” என்றாள். கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே உண்மையாகத் தெரிந்தது.

சாப்பாட்டு மேஜையில்தான் படிப்பு. வீட்டு வேலையைப் போலவே அதையும் பிரித்துக்கொண்டார்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கை ஐசக் போட்டு அவளுக்கு விளக்குவான். ஆங்கிலப் பத்தியை அவள் படித்து அவனுக்குத் தமிழில் சாரம் சொல்வாள். அவன் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே போகும்போது எந்த வரியும் அவளுக்குப் புரியாமல் போனதில்லை. “புரியுதா?” “புரியுது.” அடுத்த கணக்கு. அதேபோல அவள் இரண்டே வாக்கியத்தில் பத்தியைச் சொல்லி முடித்ததும் அவன் கேள்விகளுக்கெல்லாம் சரியாக விடை சொன்னான். இருவருக்கும் மிகுந்த திருப்தி.

தனியாகக் கணக்கைப் படிக்க உட்கார்ந்தால் மட்டும் மெட்டில்டாவின் மனம் வேறு எங்கோ போய்விடும். ஒரு தொட்டியை ஒரு குழாய் நான்கு மணி நேரத்தில் நிரப்புகிறது. அடியில் இருக்கும் குழாய் அதை ஆறு மணி நேரத்தில் காலி செய்கிறது. இரண்டையும் ஒன்றாகத் திறந்தால்?

“அடிக் குழாயை எவன் தொறந்து வச்சான்?” என்று கேட்டாள்.

“எவனோ. அதைக் கேக்கலை இங்க.”

“தண்ணி போயிக்கிட்டே இருக்குன்னு தெரியுது இல்ல? மூடிட்டு வந்து கணக்குப் போட வேண்டியதுதானே?”

“டில்டா, நீ எழுதறது மேனேஜ்மெண்ட் என்ட்ரன்ஸ். முனிசிபாலிட்டிக்குப் புகார் இல்ல.”

ஒரு வேலையை A பன்னிரண்டு நாளிலும் B பதினெட்டு நாளிலும் முடிக்கிறார்கள் என்றால், B ஏன் மெதுவாகச் செய்கிறான், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று யோசிப்பாள். யோசித்து முடிப்பதற்குள் ஐசக் விடையை எழுதிவிட்டிருப்பான். அவள் எட்டிப் பார்ப்பாள். புரியும்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு. சபையில் கேரல் பாட்டுப் பயிற்சி நடக்கும் நேரம். பியூலாவைப் பொன்னியம்மாளிடம் விட்டுவிட்டு, சபையில் பாதிரியாரிடம் சொல்லிக்கொண்டு, இருவரும் ரயிலேறிப் போனார்கள். வேறு வேறு அறை. மெட்டில்டாவுக்கு ஜன்னலோரம் தனிப் பெஞ்சு கிடைத்தது. பென்சில், ரப்பர், நுழைவுச் சீட்டு ஆகியவற்றை வரிசையாக வைத்தாள். மணி அடித்தது. இரண்டரை மணி நேரம் அவளை யாரும் கூப்பிடவில்லை. எதுவும் பொங்கவில்லை, யாருக்கும் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. கணக்குப் பகுதியில் பாதிக்குமேல் தெரியவில்லை. அது பெரிதாகவும் படவில்லை. வெளியே வந்தபோது ஐசக், “எப்படி இருந்துது?” என்று கேட்டான். “நல்லா இருந்துது” என்றாள். அவள் சொன்னது அந்தப் பெஞ்சைப் பற்றி.

பிப்ரவரியில் இரண்டு பழுப்பு உறைகள் ஒன்றாக வந்தன. ஐசக் தன்னுடையதைப் பிரித்து உரக்கப் படித்தான். ஆங்கிலம் முப்பத்திநாலு, ரீசனிங் எழுபது, கணக்கு எண்பத்தெட்டு. பிறகு அவளுடையதை. ஆங்கிலம் தொண்ணூற்றொன்று, ரீசனிங் அறுபத்தெட்டு, கணக்கு முப்பத்தொன்று. மொத்தம் அவனுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, அவளுக்கு நூற்றுத் தொண்ணூறு. நூற்று எழுபது வாங்கியவர்களை எல்லாம் எடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியில் நாற்பத்தைந்து இல்லாததால் இவர்கள் இருவருக்கும் இடமில்லை.

ஐசக் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

“உன்னோட இங்கிலீஷு, என்னோட கணக்கு. ரெண்டையும் வெட்டி ஒட்டினா ஃபர்ஸ்ட் ரேங்க். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளு, டில்டா!”

அவளும் சிரித்தாள். காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். பாலை அடுப்பில் வைத்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ‘எனக்கு என்ன ஆச்சு?’ என்று நினைத்தாள். துணைக்குப் போனவளுக்கு எதற்கு அழுகை?

மறுநாள் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பூங்கா நிலையம் போகும்வரை அந்தக் கேள்வியோடு இருந்தாள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். ஐசக்குக்கு அந்தப் படிப்பால் பதவி உயர்வு வரும். அவளுக்கு அப்படி ஒன்றும் வந்துவிடாது. எதற்கு வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் காரணம் இல்லை. ஆனால் வேண்டும். மூன்று வருடம், வாரத்தில் ஐந்து நாள், மூன்று மணி நேரம். யாரும் கூப்பிடாத அந்தப் பெஞ்சு. முன்னால் ஒருவர் நின்று, அவளுக்குத் தெரியாத எதையோ சொல்லிக்கொண்டிருக்க, அவள் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பாள். பரங்கிமலை வந்தபோது, இத்தனை மாதம் எல்லோரிடமும் பொய் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதில் கொஞ்சம் வெட்கம். வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. ஆசை என்று ஒன்று தனக்கென்று தனியாக இருக்கிறது என்பதே புதுசாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க எப்படிச் சொல்வது என்று யோசித்து, சனிக்கிழமை பீன்ஸ் நறுக்கும்போது சொன்னாள்.

“அடுத்த வருஷமும் நான் எழுதறேங்க. துணைக்கு இல்ல. எனக்கு வேணும்.”

ஐசக் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது.

“எழுதேன். நானும்தான் எழுதப் போறேன். மார்க் ஜாஸ்தி வாங்கினவங்க போறது. அதே ஒப்பந்தம்.”

“சரி. ஆனா இந்தத் தடவை நீங்க எனக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேணாம். நானும் உங்களுக்குப் படிச்சுச் சொல்ல மாட்டேன். இன்னியிலேர்ந்து இந்த வீட்டுல கணக்கு என் வேலை. லெட்டர் உங்க வேலை.”

“காஸு, மோட்டாரு, எல்லாமா?”

“எல்லாம்.”

“பாவம் பொன்னியம்மா” என்றான் ஐசக்.

அவன் எழுதிய முதல் விடுப்புக் கடிதத்தை பியூலாவின் டீச்சர் மற்ற டீச்சர்களுக்குக் காட்டினாராம். ‘என் மகள் காலை ஐந்து நாற்பதிலிருந்து ஆறு இருபத்தைந்துக்குள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். ஆகவே விடுப்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். மெட்டில்டா அதைத் திருத்தவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உறையில் போட்டாள்.

அவளுடைய கஷ்டம் வெயிலோடு வந்தது. ஏப்ரலில் ஒரு காலை, சோப்பு போட்ட முகத்தோடு ஐசக் குளியலறையிலிருந்து கத்தினான்.

“டில்டா! தண்ணி நின்னுபோச்சு!”

“நாப்பது நிமிஷம் ஓட்டினேனே!”

“கண்ணு எரியுது!”

“நீங்க நாப்பதுதானே ஓட்டுவீங்க? எவ்வளவு ஓட்டணும், சொல்லுங்க!”

உள்ளே காலி வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, “கணக்கு உன் வேலை” என்று பதில் வந்தது.

அவன் சில நாள் நாற்பது நிமிடமும் சில நாள் ஒரு மணி நேரமும் ஓட்டியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஏன் என்று அவள் கேட்டதே இல்லை. மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டினாள். தொட்டி சரியாக நிரம்பியது. அந்த வாரம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை.

சனிக்கிழமை மோட்டாரைப் போட்டுவிட்டு, கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டு, சமையலறையில் குக்கரோடு இருந்தாள். ஐசக் கூடத்தில், மொட்டைமாடிப் படிக்கருகே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் அவள் மோட்டாரை நிறுத்தினாள். நிறுத்தின கையோடு படியில் பொன்னியம்மாளின் குரல் ஏறி வந்தது. காலையிலேயே கூழ்வடகம் பிழிந்து மொட்டைமாடியில் பழைய புடவைமேல் காயவைத்துவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தாள்.

“இன்னாம்மா மெட்டில்டா இது! வூட்டு மேல அருவி கொட்டுது, நீ இன்னா பண்ணிகினு கீற உள்ள?”

“ஒரு மணி நேரம்தானே அக்கா ஓட்டினேன், எப்பவும்போல...”

“எப்பவும்போலவாமே! வந்து பாரு, வடகம் கெடக்குற அழக. ஒரு படி அரிசி. ஊறவெச்சி, அரைச்சி, கிண்டி, கை நோவப் பிழிஞ்சி வெச்சா, கஞ்சியாக்கிக் குடுத்துட்டியே. இந்தா, ரெண்டு கரண்டி எடுத்துக் குடி, உடம்புக்கு நல்லது!”

“மன்னிச்சுக்குங்க அக்கா. நானே பிழிஞ்சு தர்றேன்.”

“நீ பிழிவ. அதுக்கு எத்தினி மணி நேரமோ!”

ஐசக் கூடத்தில் குனிந்த தலை நிமிராமல் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மொட்டைமாடியில் கூழைத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மெட்டில்டாவுக்கு அது பிடிபட்டது. மற்ற நாட்களில் மோட்டார் ஓடும் நேரத்தில் பொன்னியம்மாள் கீழே துணி துவைப்பாள். துவைக்கிற கல் பக்கம், அதே தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைத் திறந்தால் துவைத்து முடிக்கும்வரை மூடும் வழக்கம் அவளுக்கு இல்லை. இன்று அந்த நேரத்தில் அவள் வீட்டில் இல்லை. மெட்டில்டா துடைப்பதை நிறுத்திவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். குழாய் மூடியிருந்தால் நாற்பது நிமிடத்தில் ஒரு தொட்டி. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் மோட்டார் கொண்டுவருவது ஒன்றரைத் தொட்டி. மேலே நிற்பது ஒன்று. மீதி அரைத் தொட்டி எங்கே? பொன்னியம்மாளுடைய புடவைகளில். அரைத் தொட்டி ஒரு மணி நேரத்தில் என்றால், அந்தக் குழாய் முழுத் தொட்டியைக் காலி பண்ண இரண்டு மணி நேரம்.

அவள் எழுந்து நின்றாள். இது புத்தகத்தில் இருக்கிற கணக்கு. எழுத்துக்கு எழுத்து அதே கணக்கு. அடிக் குழாயை எவன் திறந்து வைத்தான் என்று இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளே, இதோ, கீழே நின்று திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் கணக்குகளில் ஆட்களை வைத்தாள். A என்பது ஸ்ரீநிவாசராகவன். ஒரு ஃபைலை முடிக்கப் பன்னிரண்டு நாள், நடுவில் திருப்பதி. B அவள். எட்டு இருபது வண்டியும் எதிரே வரும் எக்ஸ்பிரஸும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் குரோம்பேட்டைக்குப் பக்கத்தில் எங்காவது வந்துவிடும். இப்படிப் போட்டால் மெதுவாகத்தான் போகும். ஐசக் மூன்று கணக்கு முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்று முடிப்பாள். ஆனால் எட்டிப் பார்க்காமல் முடித்தாள். விடை சரியாக வந்துவிட்டால் மேஜைக்கடியில் கால்கட்டைவிரல் தானாக ஆடும். முப்பத்திரண்டு வயதில், ஒரு குழந்தைக்குத் தாய், இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷப்படுகிறோமே என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். சந்தோஷம் அதனால் குறையவில்லை.

செப்டம்பரில் விண்ணப்பங்கள் வந்தன. எழுத்து ஐசக்குடைய வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, இரண்டையும் அவனே நிரப்பினான். மாலையில் டி.வி.மேல் இருந்த தாள்களைக் காட்டி, “உன்னோடதுல கையெழுத்துப் போட்டு வை. நாளைக்கு நான் கவரை ஒட்டி போஸ்ட் பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டு பியூலாவோடு கடைக்குப் போனான்.

அவள் எடுத்துப் பார்த்தாள். கட்டம் கட்டமாக, இஞ்சினியர் வரைபடம்போல எழுதியிருந்தான். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, மனதும் இளகியது. கையெழுத்துப் போட்டாள். கீழே அவனுடைய விண்ணப்பம் இருந்தது. அதன் கடைசியில், உறுதிமொழிக்கு அடியில், கோடு காலியாக இருந்தது. அவனுக்குக் குறி போட்டு வைக்க யாரும் இல்லை.

அவள் கண் அந்தக் கோட்டில் போய் நின்றது. பிறகு நகர்ந்துவிட்டது. நாளைக்குத்தானே அனுப்பப் போகிறான், அதற்குள் போட்டுவிடுவான் என்று சொல்லிக்கொண்டாள். லெட்டர் அவனுடைய வேலை என்றும் சொல்லிக்கொண்டாள். தாள்களை முன்பிருந்த அதே வரிசையில் அடுக்கி வைத்தாள். அப்படி அவ்வளவு ஒழுங்காக அடுக்கியதுதான் பிறகு அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

மூன்று வாரம் கழித்து அவனுடைய விண்ணப்பம் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை என்று ஒரு துண்டுச்சீட்டு. கடைசித் தேதி போய்விட்டிருந்தது.

“ஏழு வருஷமா குறி போட்டு வச்சியே, இந்த ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?” என்று ஐசக் கத்தினான்.

“லெட்டர் உங்க வேலைன்னு பேசி வச்சிருக்கோம்” என்றாள். குரல் தேவைக்குமேல் கூர்மையாக வந்தது. அது அவளுக்கே கேட்டது.

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, “குக்கரை நான் பாத்துக்கறேன், நீ போய் உட்காரு” என்றான். அதற்கு அவன் பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிடலாமா என்று பல முறை வாய்வரை வந்தது. சொன்னால் தேர்வு எழுதவே மனம் வராது, எழுதிவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளினாள். எழுதிய பிறகு, முடிவு வரட்டும் என்று தள்ளினாள்.

டிசம்பரில் அவள் தனியாகத் தேர்வுக்குப் போனாள். ஐசக் பியூலாவைக் கேரல் பயிற்சிக்கு அழைத்துப் போனான். அதே கல்லூரி, வேறு அறை, இந்தத் தடவை ஜன்னல் இல்லை. கணக்குப் பகுதியில் தொட்டிக் கணக்கு ஒன்று வந்திருந்தது. அடிக் குழாய்க்குப் பக்கத்தில் சின்னதாக ‘பொ’ என்று எழுதிக்கொண்டாள். நேரம் அதிலேயே போய்விட்டதால் ஆங்கிலத்தில் ஒரு பத்தியை அவசரமாகப் படிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை உறை வந்தது. ஐசக்தான் பிரித்தான். ஆங்கிலம் எண்பத்திமூன்று, ரீசனிங் அறுபத்தாறு, கணக்கு நாற்பத்தேழு. கீழே, ஜூலை மாதம் வகுப்பில் சேர வேண்டிய தேதி.

“நாப்பத்தேழு!” என்றான் ஐசக். “ரெண்டு மார்க்குல தப்பிச்ச. இதைக் கொண்டுபோய் எவன்கிட்டயும் காட்டாத, மானம் போயிடும்.” அவன் குரலில் இருந்தது நிஜமான மகிழ்ச்சிதான். அவள் அதில் வேறு எதையாவது தேடினாள், கிடைக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மோட்டாரைப் போட்டுவிட்டு, துணி காயவைக்க மொட்டைமாடிக்குப் போனாள். ஐசக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். பியூலா தெருவில் விளையாடும் சத்தம் கேட்டது. தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. துணிகளைப் பாதிக்குமேல் போட்டு முடித்த பிறகு, கொடியில் போட்ட படுக்கைவிரிப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் சொன்னாள்.

“உங்க ஃபார்ம்ல கையெழுத்து இல்லாததை நான் அன்னைக்கே பார்த்தேன்.”

விரிப்புக்கு அடியில் அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை நகரவில்லை.

“பார்த்துட்டு?”

“சொல்லலை.”

“ஏன்?”

அவள் இதற்குப் பல மாதமாகப் பல பதில்கள் தயாரித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

“உங்களுக்கு எப்பவும் ரெண்டு மார்க் ஜாஸ்தி வந்துடும்.”

ஐசக் விரிப்பை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கம் வந்தான். கோபமாக இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. துணிக்கிளிப்புகளைக் கையில் வைத்து எண்ணுவதுபோல உருட்டிக்கொண்டிருந்தான்.

“வடகம் நனைஞ்சுதே, அன்னைக்கு” என்றான்.

“ஆமா.”

“தொட்டி நிரம்பி வழிய ஆரம்பிச்ச உடனே என் காதுல விழுந்துது.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “நாப்பது நிமிஷத்துலயேவா?”

“ம்.”

“அப்ப இருபது நிமிஷம்?”

“இருபது நிமிஷமும் கேட்டுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். நாலு ஷூவுக்கும் ரெண்டு கோட்டு பாலிஷ்.”

“ஏங்க?”

“நீ ‘எனக்கு வேணும்’னு சொன்ன இல்ல, பீன்ஸ் நறுக்கும்போது. நீ எப்பவும் அப்படிச் சொன்னதில்ல. பயமா இருந்துது.” கிளிப்பை ஒரு துணியில் மாட்டினான். “நீ தப்புப் பண்றதைக் கேக்க நல்லா இருந்துது, டில்டா.”

அவள் அவனைப் பார்த்தாள். ஏழு எட்டு வருடமாகப் பார்த்த முகம்தான். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனுக்கும் அது தொற்றிக்கொண்டது. இருவரும் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கொடி ஆடி, ஒரு பனியன் கீழே விழுந்தது.

“அடப்பாவி சாரே!”

படி வாசலில் பொன்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் காயவைக்க எடுத்துவந்த மிளகாய் முறம்.

“என் வடகத்த ஊறவெச்சது நீதானா? அந்தப் பொண்ண அப்பிடித் திட்டினேனே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா நீ? கல்லு மாரி குந்திகினு இருந்தியே!”

“அக்கா, அது வந்து...”

“இன்னா வந்து! ஒரு படி அரிசி வாங்கியாந்து, நீயே அரைச்சி, நீயே கிண்டி, நீயே பிழிஞ்சிக் குடு. அதான் பைன். அப்பறம் இன்னொண்ணு, இவ காலேஜு போறாளாமே, பியூலா சொல்லிச்சி. அப்ப சோறும் நீதான் ஆக்கணும். இப்பவே கத்துக்க.”

“அடுத்த வருஷம் நானும் எழுதறேன் அக்கா” என்றான் ஐசக், விழுந்த பனியனை எடுத்து உதறியபடி. பிறகு மெட்டில்டாவிடம், “ஃபார்மை நீ ஒரு தடவை பார்த்துடு” என்றான்.

“குறி போட்டே தர்றேன்.”

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “நாப்பது நிமிஷம் ஆச்சு. மோட்டாரை நிறுத்தவா?”

மெட்டில்டா பொன்னியம்மாள் பக்கம் திரும்பினாள். “அக்கா, கீழ குழாய் தொறந்திருக்கா?”

“தொறந்துதான் கீது. துணி பாதி அலசிப் போட்டுட்டு வந்துகீறேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல. அப்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவர் நிழலில் போய் மெட்டில்டா உட்கார்ந்தாள்.